எழுத்தில் உங்கள் குரல் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வோம்

கோலாலம்பூரில் தமிழில் எழுதிப் பழகுபவர்களோடு உட்காரும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: பேசும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம், எழுதும்போது எல்லோரும் ஒரே ஆள். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தன் மாமனார் கதையைச் சொல்லி மேசை முழுக்கச் சிரிக்க வைத்தவர், அதையே எழுதிக் கொண்டுவரும்போது ஆண்டறிக்கை வாசிக்கிறார். அவருக்குக் குரல் இருக்கிறது. ஆனால் எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்கிறார். வாக்கியம் பாதி வருவதற்குள் திருத்துகிறவர் முந்திக்கொண்டு அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறார்.

இந்த இரண்டு வேலைகளையும் வேறு வேறு நேரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் ஃப்ரீரைட்டிங். அமெரிக்க ஆசிரியர் பீட்டர் எல்போ 1973இல் இதை விரிவாக எழுதினார். அவர் சொன்ன முறை எளிது. பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள், அடிக்காதீர்கள். சொல் வராவிட்டால் சொல் வரவில்லை என்பதையே எழுதுங்கள். யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். தமிழுக்கென்று சில கூடுதல் சிக்கல்கள் உண்டு, அவற்றுக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

அறிகுறி: கடிகாரம் ஓடுகிறது, கை ஓடவில்லை

முதலில் தலைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது மிகப் பெரியதாக இருக்கும். "பத்துமலைத் தைப்பூசம்" என்று தாளின் மேலே எழுதிவிட்டு உட்கார்ந்தால் என்ன வரும்? துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம், 272 படிகள், காவடி, பால்குடம், மக்கள் வெள்ளம். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. எதைத் தொட்டாலும் செய்தித்தாளில் வந்த வாக்கியம்தான் வரும் என்று மனசுக்குத் தெரியும், அதனால் கை நின்றுவிடும்.

தலைப்பை ஒரு படிக்கட்டு அளவுக்குச் சுருக்குங்கள். மூச்சு வாங்கி நீங்கள் நின்ற படி, அங்கே பக்கத்தில் நின்றவர் என்ன சொன்னார். அல்லது, கழற்றி வைத்த இடத்தில் செருப்பு இல்லாமல் நடந்து போன தூரம். இப்படிப்பட்ட தலைப்புக்கு யாரும் உங்களுக்கு வாக்கியம் தயாரித்து வைக்கவில்லை. நீங்களே சொன்னால்தான் உண்டு.

தலைப்பு சின்னதாக இருந்தும் கை நகரவில்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஒற்று. "அந்த" என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு முன் வல்லினம் மிகுமா மிகாதா என்று யோசித்து நின்றுபோகிறவர்கள் நிறைய. ரகர றகரம், லகர ளகர ழகரம், னகர ணகரம், எல்லாமே அப்படித்தான். சிவப்பு மை நினைவு அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. பத்து நிமிடத்துக்குச் சந்தி விதி முழுவதற்கும் விடுமுறை கொடுங்கள். ஒற்றுப்பிழையைப் பிறகு யார் வேண்டுமானாலும் திருத்தித் தரலாம். வராமல் போன வாக்கியத்தை யாராலும் திருத்த முடியாது.

கைப்பேசியில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. செல்லினம் போன்ற விசைப்பலகைகள் அடுத்த சொல்லை முன்கூட்டியே காட்டும். மடல் எழுதும்போது அது பெரிய உதவி. நம் ஊர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் இல்லையென்றால் இங்கே பலர் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கியே இருக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அந்தப் பரிந்துரையை அணைத்துவிடுங்கள். பரிந்துரை காட்டுவது பெரும்பாலும் பலரும் பயன்படுத்தும் சொல்லாக இருக்கும். நீங்கள் தேடுவது உங்கள் வாயில் வரும் சொல்லை. அணைக்கப் பிடிக்காவிட்டால் பள்ளி நோட்டும் பேனாவும் போதும்.

அறிகுறி: எழுத்து ஓடுகிறது, ஆனால் பள்ளிக் கட்டுரை வாடை அடிக்கிறது

"கதிரவன் தன் பொற்கரங்களை விரிக்க, பறவைகள் இன்னிசை பாட..." இந்தத் தொடக்கம் நம் ஊரில் படித்த யாருக்கும் புதிதல்ல. தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் மனப்பாடம் செய்தோம். மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாவற்றையும் கட்டுரையில் பொருத்தினால் மதிப்பெண் கிடைத்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பழகிய கை இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்வளம் கிடைக்கிற இடம் அந்த வகுப்பறைதான். ஆனால் அலங்காரச் சொல் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்போது, பார்த்த காட்சி வெளியே நிற்கிறது.

ஃப்ரீரைட்டிங் செய்யும்போது இப்படிப்பட்ட வரி வந்தால் அதை அடிக்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். எழுதி முடித்துவிட்டு, உடனே "அதாவது" என்று எழுதித் தொடருங்கள். இப்படி:

"கதிரவன் பொற்கரங்களை விரிக்க அதாவது அன்னைக்கு வெயில் இல்ல மப்பாத்தான் இருந்துச்சு அதாவது எல்ஆர்டி ஜன்னல்ல தண்ணி வழியுது உள்ள ஒருத்தர் குடையை மடிக்காம நிக்கிறார் எல்லார் மேலயும் சொட்டுது யாரும் ஒண்ணும் சொல்லல"

இரண்டு "அதாவது" போட்டதும் பொற்கரம் போய்க் குடைக்காரர் வந்துவிட்டார். அவரைப் பற்றி எழுதலாம்.

முன்பு எழுதிய பக்கங்களில் இந்த வாடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பென்சிலை எடுத்து நான்கு வகையை வட்டமிடுங்கள்: "மேற்கொள்ளப்பட்டது" போன்ற "பட்டது" எல்லாம்; "மழையானது" போன்ற "ஆனது" எல்லாம்; "இது ஒரு சிறந்த பண்பு ஆகும்" என்கிற "ஆகும்" எல்லாம்; ஒரே பெயருக்கு முன்னால் மூன்று நான்கு பெயரெச்சம் அடுக்கிய இடங்கள் எல்லாம். வாயால் கதை சொல்லும்போது இவற்றில் எதையும் நாம் ஏறக்குறைய சொல்வதே இல்லை. ஒரு பக்கத்தில் வட்டங்கள் நிறைய விழுந்தால், அந்தப் பக்கத்தைத் திருத்தி மாளாது. மூடி வைத்துவிட்டு, அதே விஷயத்தை முதலிலிருந்து பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள்.

அறிகுறி: பேச்சுத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து கொட்டுகிறது, பயமாக இருக்கிறது

கொட்டட்டும். இது கோளாறு இல்லை. முறை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

காலையில் பசியாறும்போது தமிழ், அலுவலகத்தில் மலாயும் ஆங்கிலமும், மாலையில் ஒட்டுக்கடையில் "தே தாரிக் ஒண்ணு, தாப்பாவ்" (இழுத்த தேநீர் ஒன்று, கட்டிக் கொடுங்கள்) என்று மூன்றும் ஒன்றாக. நம் நினைவுகள் அப்படித்தான் பதிந்திருக்கின்றன. "தாப்பாவ்" என்று மனசில் வந்ததும் அதற்கு நல்ல தமிழ் என்ன என்று தேடப் போனால், கடைக்காரர் முகமும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக்கும் அதற்குள் கலைந்துவிடும். வந்த சொல்லை வந்தபடி எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் ஒலி வந்தால் போதும்.

அப்புறம் ஆறின பிறகு பிரித்துக்கொள்ளலாம். பாத்திரம் வாயால் சொன்னது அப்படியே இருக்கட்டும். கதை சொல்பவரின் வரிகளில், நம் ஊர் வாசகருக்கு எந்தச் சொல் தானாகக் காதில் விழுமோ அதை வையுங்கள். லாரியைச் சரக்குந்து என்று மாற்றியதும் அந்த வரி யார் சொன்னது என்றே தெரியாமல் போனால், லாரியே இருக்கட்டும். மாற்றியும் வரி நின்றால் மாற்றுங்கள். இதற்குப் பொதுவிதி கிடையாது, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: எழுதும்போது உயிரோடு இருந்தது, திருத்தியதும் செத்துவிட்டது

நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். ஃப்ரீரைட்டிங் செய்துவிட்டு "பயனில்லை" என்று கைவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் தூரம் அதிகம். அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சொல்லோடு சேர்த்து வாக்கியத்தின் நடையையும் மாற்றிவிடுகிறோம். நடையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து இப்போது செந்தூலில் குடியிருக்கும் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"போயிருவாங்க அம்மா நாலரைக்கெல்லாம் தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு நான் தூங்கற மாதிரியே கெடப்பேன் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா தங்கச்சியப் பாத்துக்கடாம்பாங்க என்ன எழுத என்ன எழுத நேத்துப் போட்ட சட்டை கதவுல தொங்கும் பால்வாடை வீடு பூரா பிடிக்காது எனக்கு இப்ப எங்கயாவது அந்த வாடை அடிச்சா நின்னுருவேன்"

அவரே இதைத் திருத்தினால் பெரும்பாலும் இப்படி ஆகிவிடும்:

"என் தாயார் தினமும் அதிகாலை நான்கரை மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பணிக்குச் சென்றுவிடுவார். நான் உறங்குவதுபோல் பாசாங்கு செய்வேன். அவரது உடையிலிருந்து வீசும் ரப்பர் பாலின் துர்நாற்றம் இல்லம் முழுவதும் பரவியிருக்கும்."

பிழை எதுவும் இல்லை. அந்தப் பையனும் இல்லை. அம்மா தாயாராகிவிட்டார். "வாடை" என்பது அவனுக்குப் பிடிக்காததும் பிடித்ததுமான ஒன்று, அதற்குத் துர்நாற்றம் என்று தீர்ப்பு எழுதியாயிற்று. தங்கையைப் பார்த்துக்கொள்வதற்குப் பயந்து தூங்குவதுபோல் கிடந்த காரணம் "பாசாங்கு" என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்துபோயிற்று. கடைசி வரி காணவே இல்லை.

இப்போது வினைமுற்றுகளின் விகுதியையும் எழுத்தையும் மட்டும் தொட்டுப் பார்ப்போம்:

"போய்விடுவார் அம்மா, நாலரைக்கெல்லாம், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு. நான் தூங்குவதுபோலவே கிடப்பேன். விழித்திருப்பது தெரிந்தால் தங்கையைப் பார்த்துக்கொள்ளடா என்பார். நேற்றுப் போட்ட சட்டை கதவில் தொங்கும். பால்வாடை வீடு பூராவும். பிடிக்காது எனக்கு. இப்போது எங்காவது அந்த வாடை அடித்தால் நின்றுவிடுவேன்."

எழுத்துத் தமிழ்தான், இலக்கணம் எங்கும் உடையவில்லை. ஆனால் ஆள் இருக்கிறார். எதை விட்டுவைத்தோம் என்று பாருங்கள். "போய்விடுவார் அம்மா" என்று வினை முந்தி வந்து, மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்வது நம் பேச்சின் இயல்பு. பள்ளிக்கூடம் வினையைக் கடைசியில்தான் வைக்கச் சொல்லும். ஒரு பத்தியில் ஓரிடத்தில் வினை முன்னால் வந்தாலே யாரோ பேசுவது கேட்கும் (எல்லா வரியிலும் செய்தால் நாடக வசனமாகிவிடும்). "பால்வாடை வீடு பூராவும்" என்பதில் வினையே இல்லை, தேவையும் இல்லை. "கெல்லாம்", "போலவே" போன்ற ஒட்டுகள் சின்னவை, ஆனால் சொல்பவரின் மனநிலை அவற்றில்தான் ஒட்டியிருக்கிறது. திருத்தும்போது முதலில் பறிபோவதும் அவைதான். அதேபோல "வந்தாராம்", "சொன்னாளாம்" என்கிற "ஆம்". பக்கத்து வீட்டுச் செய்தி பக்கத்து வீட்டுச் செய்தியாகவே கேட்க அந்தச் சின்ன ஒட்டு போதும், "என்று கூறப்படுகிறது" வேண்டாம்.

ஆகவே திருத்தத்தை மூன்று தனித்தனிச் சுற்றாக வையுங்கள். முதல் சுற்றில் விகுதி மட்டும்: போயிருவாங்க, போய்விடுவார். இரண்டாம் சுற்றில் ஒற்றும் எழுத்துப்பிழையும். மூன்றாம் சுற்றில் வெட்டுதல்: "என்ன எழுத என்ன எழுத" போகட்டும், திரும்ப வந்தது போகட்டும். மூன்று சுற்றிலும் ஒரு சொல்லுக்குப் பதில் "இன்னும் நல்ல" சொல் போட ஆசை வரும். அந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். வெட்டலாம், மாற்றவேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே மூலப் பக்கத்தை எடுத்து அந்த வரி எப்படி இருந்தது என்று பாருங்கள். அதனால்தான் மூலப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

அறிகுறி: நான் அண்மையில் படித்த எழுத்தாளரின் குரலே வருகிறது

நல்ல வாசகருக்கு வரும் கோளாறு. இதற்கு அமெரிக்க எழுத்தாளர் டொரத்தியா பிராண்டி 1934இலேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் எழுந்து, யாரோடும் பேசுவதற்கு முன், எதையும் படிப்பதற்கு முன் எழுதுவது. இன்றைக்கு அதன் பொருள், கைப்பேசியைத் தொடுவதற்கு முன். இரவு வந்த புலன (வாட்ஸ்அப்) செய்திகள், காலை வணக்கப் படங்கள், நாளிதழ் தலைப்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டால் அவற்றின் வாக்கியம்தான் முதலில் வெளியே வரும். தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கட்டும், கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டிய அக்காமார்களிடம் இதைச் சொன்னால் நியாயமாகவே கோபம் வரும். அவர்களுக்குப் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு காரிலேயே பத்து நிமிடம். வானொலியைப் போடாமல்.

அறிகுறி: தினமும் எழுதுகிறேன், எல்லாம் புலம்பலாகவே வருகிறது

முதல் சில நாள்கள் அப்படித்தான். தேங்கிக் கிடந்தது வெளியே வந்தாக வேண்டும். விடாமல் புலம்பல்தான் என்றால், "நான்" என்று தொடங்காத ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள்: மேசை, சத்தம், எதிர்வீட்டு ஜன்னல்.

பெரிய துக்கத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை உலுக்கிய நிகழ்வுகளைப் பற்றி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள்கள் எழுத வைத்தார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. அந்தக் கனம் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் நாள்கணக்கில் இறங்காமல் இருந்தால் நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். அந்தப் பக்கங்களை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

அறிகுறி: பக்கம் பக்கமாகச் சேர்கிறது, கதை சேரவில்லை

எல்போவே இதற்கும் வழி சொன்னார். எழுதி முடித்ததும் சற்று ஆறவிட்டு, பக்கத்தைப் படித்து, அதன் எடை முழுவதும் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்து, அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தைப் புதுத் தாளின் முதல் வரியாக வைத்து மறுபடி நிறுத்தாமல் எழுதுங்கள். அப்புறம் மறுபடியும்.

மேலே பார்த்த பக்கத்தில் எடை அம்மாமேல் இல்லை. "இப்ப அந்த வாடை அடிச்சா நின்னுருவேன்" என்பதில் இருக்கிறது. அடுத்த பத்து நிமிடம் அங்கே தொடங்கும்: எங்கே நின்றார், யாரோடு இருந்தார், கூட இருந்தவர்களிடம் என்ன காரணம் சொன்னார். தோட்டத்து நினைவுக் குறிப்பு அந்த இடத்தில் நகரத்தில் நடக்கும் கதையாகத் திரும்பும். போட்டிக்கு அனுப்புவதற்காக எழுதுபவர்கள் இந்தச் சுற்றுகளை முடிக்காமல் முதல் பக்கத்தையே நீட்டுகிறார்கள். நீட்டினால் அது நினைவுக் குறிப்பாகவே நிற்கும்.

அறிகுறி: என் கதையில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த ஆளின் வாயிலிருந்தே, "நான்" என்று, நிறுத்தாமல். கதையில் வரப்போகும் காட்சியை எழுத வேண்டாம். வீட்டில் கேஸ் தீர்ந்துபோன அன்றைக்கு நடந்ததை அவர் எப்படிச் சொல்வார் என்று எழுதுங்கள்.

எழுதி முடித்த பிறகு, ஒரே மனிதரை ஒவ்வொருவரும் எப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் ஒரு மூத்த பெண் இருக்கிறார். மகனுக்கு அம்மா. மருமகளுக்கு அத்தை, கோபம் வந்த நாளில் கணவனிடம் "உங்க அம்மா". பேரனுக்குப் பாட்டி. எதிர்வீட்டுச் சீன இளைஞனுக்கு ஆன்ட்டி. அவரோடு தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த தோழிக்கு இன்றும் "ஏய், பாப்பாத்தி". ஐந்து பேர் ஐந்து விதமாகக் கூப்பிடும்போது ஐந்து விதமான வாக்கியமும் கூடவே வரும். அத்தை என்று தொடங்கும் வரியில் "செய்யுங்களேன்" வரும், ஏய் என்று தொடங்கும் வரியில் வராது. கூப்பிடும் சொல் சரியாக அமைந்துவிட்டால், மீதி உரையாடலை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கி ஒவ்வொருவருக்கும் இன்னொரு ஐந்து நிமிடம் எழுதுங்கள். பிறகு பெயர்களை மறைத்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது கொடுத்து எந்த வரி யாருடையது என்று கேளுங்கள். அவர் தடுமாறுகிற இரண்டு பேருக்கு மட்டும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.